டொமைன் பெயரின் பதிவு விவரங்களைத் தேடிப் படிப்பது எப்படி?

எனக்கு நன்கு அறிமுகமான ஒரு சிறு தன்னார்வ அமைப்பின் இணையதளம் ஒருநாள் திடீரென்று திறக்காமல் போனது. மின்னஞ்சலும் நின்றுவிட்டது. யாரோ தளத்துக்குள் புகுந்து முடக்கிவிட்டார்கள் என்று எண்ணி, தளத்தின் கோப்புகளை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனத்தோடு இரண்டு நாள் பேசிப் பார்த்தார்கள். அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது, அவர்களுடைய டொமைன் பெயரின், அதாவது தளத்தின் முகவரிப் பெயரின், பதிவு விவரத்தை எடுத்து அவர்கள் முன்னாலேயே திறந்தேன். காலாவதித் தேதி என்ற இடத்தில் அடுத்த ஆண்டின் தேதி இருந்தது. புதுப்பித்தாகிவிட்டது போலிருக்கிறதே என்று அவர்களுக்கு நிம்மதி. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே, நிலைக் குறியீடுகள் என்ற பகுதியில், ‘ஆட்டோ ரினியூ பீரியட்’, ‘கிளையன்ட் ஹோல்ட்’ என்ற இரண்டு குறியீடுகள் இருந்தன. பணம் கட்டவில்லை, அதனால் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவை இரண்டும் சேர்ந்து சொன்ன செய்தி. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம், சில ஆண்டுகளுக்கு முன்பே அமைப்பைவிட்டு விலகிய ஒரு தன்னார்வலரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்த இரண்டு குறியீடுகளின் பொருள் தெரிந்திருந்தால் முதல் நாளே விஷயம் முடிந்திருக்கும். பதிவு விவரத்தைத் தேடி எடுப்பது மிக எளிது, கட்டணமும் கிடையாது. எடுத்ததைப் படிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். குறிப்பாக, ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தப் பதிவில் எந்த வரியும் தனித்து நின்று முழு உண்மையைச் சொல்வதில்லை. தேதியை நிலைக் குறியீட்டோடும், நிலைக் குறியீட்டைப் பதிவாளரின் பெயரோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

விவரம் யாரிடம் இருக்கிறது?

தேடத் தொடங்குவதற்கு முன் மூன்று தரப்பினரைப் பிரித்தறிந்துகொள்வது நல்லது. பெயரை எடுத்துப் பயன்படுத்துபவர் பதிவுதாரர். அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம் பதிவாளர். ஒரு குறிப்பிட்ட பின்னொட்டின் கீழ் வரும் எல்லாப் பெயர்களுக்கும் தலைமைப் பேரேட்டை வைத்திருப்பது பதிவகம். டாட் காம், டாட் நெட் ஆகியவற்றின் பதிவகம் வெரிசைன். டாட் ஆர்க் பின்னொட்டை நடத்துவது பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி. இவர்களுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்கும் அமைப்பு, 1998இல் தொடங்கப்பட்ட ஐகான். பலர் பெயரை நேரடியாகப் பதிவாளரிடம் வாங்காமல், தளம் வடிவமைத்துத் தந்தவரிடமோ ஒரு மறுவிற்பனையாளரிடமோ வாங்கியிருப்பார்கள். அப்படியானால் நீங்கள் பணம் கட்டியவரின் பெயர் பதிவில் இல்லாமல், கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர் பதிவாளராக நிற்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இந்தத் தேடலுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் ‘ஹூயிஸ்’. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையத்தில் பிறந்த ஏற்பாடு இது. 1982இல் இதற்கு எழுத்து வடிவிலான வரையறை வந்தது. இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. கேட்பவர் யார் என்று பார்க்காமல், 43ஆம் போர்ட் என்னும் இணைப்பு வாயில் வழியே, மறையாக்கம் எதுவுமின்றி வெறும் உரையாகப் பதில் அனுப்புவதே அதன் வழக்கம். பதில் எந்த வரிசையில், எந்தத் தலைப்புகளோடு வர வேண்டும் என்பதற்கும் கட்டுப்பாடு இல்லாததால், ஒவ்வொரு பதிவகமும் தனக்குத் தோன்றியபடி எழுதியது. இந்தக் குறைகளைத் தீர்ப்பதற்காக 2015இல் ‘ஆர்டாப்’ என்னும் புதிய நெறிமுறை வரையறுக்கப்பட்டது. அது வழக்கமான பாதுகாப்பான வலை இணைப்பிலேயே செல்கிறது. பதிலைக் கணினி நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில், எல்லோருக்கும் பொதுவான அமைப்பில் தருகிறது. டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளின் பதிவகங்களும் பதிவாளர்களும் 2019 ஆகஸ்ட் முதல் ஆர்டாப் சேவை தர வேண்டும் என்று ஐகான் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி 28ஆம் நாளோடு, பழைய ஹூயிஸ் சேவையைத் தர வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு நீங்கியது. ஆகவே, பேச்சில் எல்லோரும் இன்னும் ‘ஹூயிஸ் பார்’ என்று சொன்னாலும், இன்று நீங்கள் பார்க்கும் பதில் பெரும்பாலும் ஆர்டாப் வழியாகவே வருகிறது.

முதல் படி: பெயரைச் சரியாகப் பிரித்தெடுத்தல்

உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுவது பலரும் செய்யும் தவறு. பதிவு செய்யப்படுவது முழு முகவரி அன்று. அதன் ஒரு பகுதி மட்டுமே. அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்க, முகவரியின் தொடக்கத்தில் உள்ள ‘எச்டிடிபிஎஸ்’ போன்ற நெறிமுறையையும் இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘வங்கி.கணக்கு.எக்ஸாம்பிள்.காம்’ என்று ஒரு முகவரி இருந்தால், ‘காம்’ என்பது பின்னொட்டு; அதற்கு இடப்புறம் உள்ள ‘எக்ஸாம்பிள்’ சேர்ந்ததே பதிவு செய்யப்பட்ட பெயர். அதற்கும் இடப்புறம் இருப்பவை எல்லாம் பதிவுதாரர் தாமே வைத்துக்கொண்ட துணைப்பெயர்கள். அவற்றில் ‘வங்கி’ என்று மட்டுமல்ல, எந்தச் சொல்லையும் அவர் எழுதிக்கொள்ளலாம். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இதைத்தான்: நம் கண் முகவரியை இடப்புறமிருந்து படிக்கிறது, நமக்குப் பழக்கமான சொல் அங்கேயே கண்ணில் பட்டுவிடுகிறது.

சில பின்னொட்டுகள் இரண்டு சொற்களாலானவை. பிரிட்டனின் ‘கோ.யுகே’ அப்படிப்பட்டது, அங்கே வலப்புறமிருந்து மூன்றாவது சொல்தான் பதிவான பெயர். இலவச வலைப்பூச் சேவைகளில் தொடங்கும் தளங்களுக்குத் தனிப் பதிவே இருக்காது. அவற்றைத் தேடினால் அந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் விவரம் வருமே தவிர, வலைப்பூ எழுதுபவரைப் பற்றி எதுவும் வராது.

தமிழ் எழுத்துகளில் அமைந்த பெயர்களைத் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே நாட்டுப் பின்னொட்டுகள் உள்ளன. ஆனால் டொமைன் பெயர் அமைப்பு உள்ளுக்குள் லத்தீன் எழுத்துகளையும் எண்களையும் இணைப்புக்கோட்டையும் வைத்தே இயங்குவதால், ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் ‘பியூனிகோட்’ என்னும் மாற்று வடிவம் உண்டு. எக்ஸ், என் ஆகிய இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்த இரண்டு இணைப்புக்கோடுகளையும் கொண்டு அது தொடங்கும். தமிழில் எழுதித் தேடி விவரம் வராவிட்டால், பியூனிகோடாக மாற்றித் தரும் தளம் ஒன்றில் பெயரை இட்டு, கிடைக்கும் வடிவத்தைக் கொண்டு தேடுங்கள். இதே நுட்பம் எதிர்த்திசையிலும் உதவும். ரஷ்ய மொழி முதலியவற்றுக்குரிய சிரிலிக் எழுத்து வரிசையில் லத்தீன் ‘ஏ’ போலவே தோன்றும் எழுத்து உண்டு. அதை நடுவில் நுழைத்து, பிரபலமான ஒரு பெயரைப் போலவே கண்ணுக்குத் தெரியும் போலிப் பெயரைப் பதிவு செய்ய முடியும். ஆங்கிலப் பெயராகத் தோன்றும் ஒன்றின் பதிவு, எக்ஸ் என் என்று தொடங்கும் வடிவத்தில் வந்தால், அங்கே ஏதோ வேற்று எழுத்து இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது?

ஐகான் அமைப்பே நடத்தும் லுக்கப் பக்கத்தில் தொடங்குங்கள். தேடுபொறியில் ‘ஐகான் லுக்கப்’ என்று இட்டால் கிடைக்கும். வருகிற பக்கம் ஐகானின் சொந்த முகவரியில்தான் இருக்கிறதா என்பதை, மேலே சொன்னபடி வலமிருந்து படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டியில் பெயரை இட்டுப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கம் உரிய பதிவகத்திடமும் பதிவாளரிடமும் கேட்டு விவரத்தைக் காட்டும். கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மூல ஆர்டாப் பதிலையும் விரித்துப் பார்க்கலாம். மேலே உள்ள பட்டியலில் விடுபட்டது ஏதேனும் அங்கே இருக்கக்கூடும்.

நாட்டுக் குறியீட்டுப் பின்னொட்டுகளுக்கு, அதாவது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட இரண்டெழுத்துப் பின்னொட்டுகளுக்கு, ஐகானின் இந்த விதிகள் செல்லுபடியாகா. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அந்தந்தப் பதிவகமே முடிவு செய்கிறது. ஜெர்மனியின் டாட் டிஇ பதிவகமான டெனிக், காலாவதித் தேதியைக்கூடக் காட்டுவதில்லை. எல்லா நாட்டுப் பதிவகங்களும் ஆர்டாப் சேவைக்கு மாறிவிடவும் இல்லை. ஆகவே இத்தகைய பெயருக்கு ஐகான் பக்கத்தில் விடை கிடைக்காவிட்டால், பெயரே பதிவாகவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பின்னொட்டுகளின் ஒதுக்கீட்டைக் கவனிக்கும் ஐயானாவின் மூல மண்டலத் தரவுத்தளத்தில், உலகிலுள்ள ஒவ்வொரு பின்னொட்டையும் நடத்துவது யார், அவர்களுக்குத் தேடல் சேவை இருந்தால் அது பெரும்பாலும் எங்கே இருக்கிறது என்ற விவரம் உண்டு. அங்கிருந்து அந்தப் பதிவகத்தின் சொந்தத் தேடல் பக்கத்துக்குப் போவதே நேர்வழி.

லினக்ஸ், மேக் கணினிகளைப் பயன்படுத்துபவர்கள் டெர்மினலில் ஹூயிஸ் கட்டளையை இட்டும் பார்க்கலாம். விண்டோஸில் அது இயல்பாக இருப்பதில்லை. புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை: பழைய நெறிமுறை மெல்ல விடைபெற்றுக்கொண்டிருப்பதால், அந்தக் கட்டளை சில பின்னொட்டுகளுக்கு வெறுங்கையோடு திரும்பும்.

இவை தவிர, ஹூயிஸ் தேடல் என்ற பெயரில் எண்ணற்ற தனியார் தளங்கள் உள்ளன. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் சில, முன்பு எடுத்து வைத்திருந்த பழைய பதிலையே மீண்டும் காட்டும். பெயர் நேற்றுக் கைமாறியிருந்தால் அங்கே அது தெரியாது. எங்கே தேடினாலும், விவரம் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். பொதுவில் கிடைக்கும் இந்த விவரத்துக்காகப் பணம் கேட்கும் தளத்தில் உங்களுக்கு வேலையில்லை.

மூன்றாம் படி: ஒரு பதிவை வரி வரியாகப் படித்தல்

பழகுவதற்கு ‘எக்ஸாம்பிள்.காம்’ என்ற பெயரையே தேடிப் பாருங்கள். ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அது. 1999இல் அதற்கான வரையறை எழுதப்பட்டது. யாருடைய தனிப்பட்ட விவரத்தையும் துருவாமல் பழகிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை.

பதிவாளர் என்ற இடத்தில் வழக்கமாக ஒரு வணிக நிறுவனத்தின் பெயர் இருக்கும். இங்கே ஐயானாவுக்காக ஒதுக்கப்பட்டது என்று இருக்கும். அதன் அருகில் 376 என்ற எண் உண்டு. ஒவ்வொரு பதிவாளருக்கும் இப்படி ஓர் அடையாள எண் இருக்கிறது. ஒரே மாதிரிப் பெயருள்ள நிறுவனங்கள் பல இருப்பதால், ஐயம் வந்தால் பெயரைவிட எண்ணை நம்புவது நல்லது. தோற்றத் தேதி 1995 ஆகஸ்ட் 14 என்று இருக்கும். தேதியோடு ஒட்டி நேரமும் வரும். கடைசியில் நிற்கும் ‘இசட்’ எழுத்து, அந்த நேரம் உலகப் பொது நேரம் என்பதைக் குறிக்கிறது. காலாவதிக்கு ஓரிரு நாளே இருக்கும்போது, அமெரிக்கா, கனடா போல உலகப் பொது நேரத்துக்குப் பின்தங்கிய இடங்களில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இன்னும் சில மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தவணை முடிந்துபோகும்.

தேதிகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் பிழையான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. தோற்றத் தேதி, இந்தப் பெயர் இப்போதைய தொடர்ச்சியில் முதன்முதலாகப் பதிவான நாள். பெயரை ஒருவர் இன்னொருவருக்கு விற்றாலும், ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றினாலும் அந்தத் தேதி மாறாது. ஆகவே தோற்றத் தேதி 20 ஆண்டு பழையது என்பதால் இப்போதைய உரிமையாளரும் 20 ஆண்டாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது. மாறாக, பெயர் காலாவதியாகி முற்றிலும் அழிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் புதிதாகப் பதிவு செய்தால் தேதி புதிதாகத் தொடங்கும். பழைமையான நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கடையின் டொமைன் பெயர் மூன்று வாரத்துக்கு முன்புதான் தோன்றியது என்றால், அங்கே பணம் கட்டும் முன் நின்று யோசிக்க அது போதுமான காரணம்.

‘கடைசியாக மாற்றப்பட்டது’ என்ற தேதி, பதிவில் ஏதோ ஒன்று மாறியதை மட்டுமே சொல்லும். மாறியது உரிமையாளரா, பெயருக்குரிய முகவரிக் குறிப்புகளை வைத்திருக்கும் நேம் சர்வரா, வெறும் புதுப்பிப்பா என்று சொல்லாது. ஆர்டாப் பதிலில் ‘தரவுத்தளம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று இன்னொரு தேதியும் வரும். அது நீங்கள் தேடிய நேரத்தை ஒட்டியே இருக்கும். அது பேரேட்டின் நிலையைக் குறிப்பதே தவிர உங்கள் பெயரைப் பற்றியதன்று. பெயரில் யாரோ இன்று கைவைத்துவிட்டதாக எண்ணிப் பலர் அஞ்சுவது இந்த வரியைப் பார்த்துத்தான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அமைப்பைக் குழப்பிய காலாவதித் தேதி. டாட் காம் போன்ற பின்னொட்டுகளில், தவணை முடிந்த உடனே பதிவகம் தன் பேரேட்டில் பெயரைத் தானாகவே ஓராண்டுக்கு நீட்டித்துவிடும். பதிவுதாரர் பணம் கட்டினாரா இல்லையா என்பது பதிவகத்துக்குத் தெரியாது. அது பதிவாளருக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு. பதிவுதாரர் பணம் கட்டாவிட்டால், 45 நாளுக்குள் பதிவாளர் அந்தப் பெயரை நீக்கி, தாம் கட்டிய தொகையைத் திரும்பப் பெறலாம். அந்த இடைக்காலத்தில்தான் தேதி அடுத்த ஆண்டைக் காட்டிக்கொண்டிருக்க, பெயர் உண்மையில் கைநழுவிக்கொண்டிருக்கும். இதனால்தான் தேதியை நிலைக் குறியீட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன்.

நிலைக் குறியீடுகள்

நிலைக் குறியீடுகளைப் படிக்க ஒரு திறவுகோல் உண்டு. ‘கிளையன்ட்’ என்று தொடங்குபவை பதிவாளர் இட்டவை. ‘சர்வர்’ என்று தொடங்குபவை பதிவகம் இட்டவை. முதல் வகையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பதிவாளரிடம் போக வேண்டும். இரண்டாம் வகை பெரும்பாலும் ஒரு தகராறு, சட்ட ஆணை, அல்லது பதிவுதாரரே கேட்டு வாங்கிய கூடுதல் பூட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் விளைவாக இருக்கும்.

‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிடெட்’ என்று பார்த்ததும், ஏதோ தடை விதித்துவிட்டார்கள் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது நல்ல அறிகுறி. யாரும் திருட்டுத்தனமாகப் பெயரை வேறு பதிவாளருக்கு மாற்றிவிடாதபடி போட்ட பூட்டு அது. எக்ஸாம்பிள்.காம் பதிவிலும் அந்தப் பூட்டும், அழிப்பதையும் மாற்றி எழுதுவதையும் தடுக்கும் பூட்டுகளும் இருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் சொந்தப் பெயரில் வெறும் ‘ஓகே’ அல்லது ‘ஆக்டிவ்’ என்று மட்டும் இருந்தால், பதிவாளரின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போய் மாற்றப் பூட்டை இட்டுவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. ‘கிளையன்ட் ஹோல்ட்’, ‘சர்வர் ஹோல்ட்’ ஆகிய இரண்டும் பெயர் இணையத்தில் இயங்காதபடி நிறுத்தப்பட்டிருப்பதைச் சொல்கின்றன. பணம் கட்டாதது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. புதிதாகப் பதிவு செய்தவர், மின்னஞ்சலுக்கு வந்த உறுதிப்படுத்தும் இணைப்பை 15 நாளுக்குள் அழுத்தாமல் விட்டாலும் இப்படி நிறுத்தி வைப்பதுண்டு. ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ என்று வந்தால் பெயர் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் 30 நாளுக்குள் பழைய பதிவுதாரர் மீட்டுக்கொள்ளலாம் என்று பொருள். வழக்கமான கட்டணத்தைவிட மீட்புக் கட்டணம் பல மடங்கு கூடுதலாக இருக்கும். அதற்கடுத்த ‘பெண்டிங் டிலீட்’ ஐந்து நாள் நீடிக்கும். அந்தக் கட்டத்துக்கு வந்த பெயரை யாராலும் மீட்க முடியாது. அது முடிந்ததும் உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். நல்ல பெயர்களுக்காகத் தானியங்கி நிரல்களை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இருப்பதால், அந்த நேரத்தில் கையால் முயன்று பிடிப்பது அநேகமாக நடவாத காரியம்.

நேம் சர்வர் வரிகள், அந்தப் பெயருக்குரிய முகவரிக் குறிப்புகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும். தளத்தின் கோப்புகள் அங்கேயே இருக்கின்றன என்பது கட்டாயமில்லை. டிஎன்எஸ்செக் என்ற வரி, பெயரின் முகவரிக் குறிப்புகள் மின்கையொப்பம் இடப்பட்டவையா என்பதைச் சொல்லும். இடப்படாமல் இருப்பது குற்றமோ சந்தேகத்துக்குரிய அறிகுறியோ அன்று.

உரிமையாளரின் பெயர் எங்கே?

பெரும்பாலோர் தேடத் தொடங்குவதே இதற்காகத்தான். ஆனால் இந்த இடத்தில்தான் ‘தனியுரிமைக்காக மறைக்கப்பட்டுள்ளது’ என்ற வாசகம் நிற்கும். முன்பு பதிவுதாரரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் யார் கேட்டாலும் கிடைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதற்குச் சில நாள் முன்னதாக ஐகான் ஒரு தற்காலிக விதியை ஏற்று, தனிநபர் விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்க இடம் கொடுத்தது. இது நல்ல மாற்றம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு சிறு வலைத்தளம் தொடங்கிய குற்றத்துக்காக ஒருவர் தம் வீட்டு முகவரியை உலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் இருந்ததை எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு பேருக்குத் தொல்லையாக முடிந்திருக்கும் என்பது புரியும்.

ஒரு நுணுக்கம்: சட்டம் காரணமாகப் பதிவாளரே மறைப்பது வேறு, பதிலி நிறுவனம் ஒன்றைப் பதிவுதாரராக முன்னிறுத்தும் தனியுரிமைச் சேவை வேறு. இரண்டாவதில், அந்தப் பதிலி நிறுவனத்தின் பெயரும் முகவரியும் உண்மையான விவரம்போலவே அச்சாகியிருக்கும். ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கான பெயர்கள் பதிவாகியிருப்பதைக் கண்டு ஒரு பெரிய மோசடிக் கும்பலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

உரிமையாளரைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தால், பதிவில் காணப்படும் மறைமுக மின்னஞ்சல் முகவரிக்கோ பதிவாளரின் தொடர்புப் படிவத்துக்கோ எழுதலாம். அது அவருக்கு அனுப்பப்படும், பதில் தருவது அவர் விருப்பம். காவல்துறையினர், வணிகக் குறி உரிமையாளர்கள் போன்று சட்டபூர்வமான தேவை உடையவர்கள், மறைக்கப்பட்ட விவரத்தைக் கோருவதற்கு ஐகான் 2023 நவம்பரில் ஒரு கோரிக்கைச் சேவையைத் தொடங்கியது. அது கோரிக்கையை அதில் பங்குபெறும் பதிவாளரிடம் கொண்டுசேர்க்கும். விவரத்தைத் தருவதா இல்லையா என்பதைப் பதிவாளரே முடிவு செய்வார்.

எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

மோசடித் தளம் ஒன்றைக் கண்டால் உரிமையாளரைத் தேடி அலைய வேண்டாம். பதிவில் பதிவாளரின் முறைகேட்டுப் புகார் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் மறைக்கப்படாமல் இருக்கும், அங்கே எழுதுங்கள். முழு முகவரி, பார்த்த நேரம், திரைப்பிடிப்பு, உங்களுக்கு வந்த செய்தியின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். ‘இது மோசடித் தளம், உடனே மூடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஏமாற்றிக் கடவுச்சொல் முதலியவற்றைத் திருடும் ஃபிஷிங், தீநிரல் பரப்புதல் போன்றவற்றுக்குச் சான்றோடு புகார் வந்தால் பதிவாளர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 5 முதல் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

ஒரு பெயரை விலைக்கு வாங்கும் முன், மாற்றப் பூட்டு உண்டா, பெயர் ஹோல்ட் நிலையில் இருக்கிறதா, அண்மையில்தான் பதிவானதா என்று பாருங்கள். புதிதாகப் பதிவான பெயரை முதல் 60 நாளுக்கு வேறு பதிவாளருக்கு மாற்ற விடாமல் வைத்திருப்பது நடைமுறை.

‘உங்கள் டொமைன் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று கடிதமோ மின்னஞ்சலோ வந்தால், கட்டணப் பொத்தானைத் தொடும் முன் பதிவு விவரத்தைத் திறந்து பதிவாளரின் பெயரைப் பாருங்கள். கடிதம் அனுப்பியவர் அந்தப் பதிவாளரோ, நீங்கள் பெயரை வாங்கிய மறுவிற்பனையாளரோ இல்லையென்றால், அதைக் கிழித்துப் போட்டுவிடலாம். பதிவு விவரத்திலிருந்து தேதிகளை எடுத்து, விலைப்பட்டியல் போலவே அச்சடித்து அனுப்பும் ஏமாற்று வேலை நெடுங்காலமாக நடந்துவருகிறது. முறையான பதிவாளர் தவணைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். புதுப்பிக்காவிட்டால், முடிந்த ஐந்து நாளுக்குள் மீண்டும் ஒருமுறை அறிவிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக உங்கள் சொந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். பொதுத் தேடலில் உங்கள் விவரம் மறைந்திருந்தாலும், பதிவாளரின் கணக்கில் நுழைந்தால் முழுமையாகத் தெரியும். அங்கே பதிவுதாரர் என்ற இடத்தில் இருப்பது நீங்களா, தளம் வடிவமைத்தவரா? மின்னஞ்சல் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா? அந்த மின்னஞ்சல் அதே டொமைன் பெயரிலேயே அமைந்ததா? அப்படி அமைந்திருந்தால், பெயர் நிற்கும் நாளில் நினைவூட்டல் வந்துசேரும் வழியும் சேர்ந்தே நின்றுவிடும்.

தொடக்கத்தில் சொன்ன அமைப்புக்கு அதிர்ஷ்டவசமாக 45 நாள் கடக்கவில்லை. விலகிப்போன தன்னார்வலரைத் தேடிப் பிடித்துக் கணக்கின் கடவுச்சொல்லைப் பெற்று, வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்தார்கள். சில மணி நேரத்தில் கிளையன்ட் ஹோல்ட் குறியீடு பதிவிலிருந்து மறைந்தது. மறுநாள் காலைக்குள் தளம் எல்லோருக்கும் திறந்தது. காலாவதித் தேதி மட்டும், முதலில் பார்த்தபோது இருந்தபடியே, அந்த அடுத்த ஆண்டுத் தேதியாகவே இருந்தது.